பிறந்த பிள்ளைக்குச் சட்டை: 10 சென்ட் கருங்கண்ணி போதும்

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கட்டபொம்மனும், 1974-ல் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டையும்தான். சுற்று வட்டாரச் சம்சாரிகளுக்கோ அது கரிசல் காடு. ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என்று நீளும் இந்த மானாவாரிப் பூமி பல தலைமுறையாகப் பருத்திக்குப் பேர் போனது. இங்கே விளைந்த பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. 'திருநெல்வேலிப் பருத்தி' என்று அதற்குப் பஞ்சுச் சந்தையில் தனிப் பெயரே இருந்தது.

அப்படிப்பட்ட பூமியில் இன்று ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அதற்குப் போடுகிற சட்டை எங்கிருந்து வருகிறது? டவுன் கடையிலிருந்து வருகிறது. பளபளக்கும் நைலான் கவுன், பாலியஸ்டர் கலந்த சட்டை, இடுப்பை இறுக்கும் ரப்பர் வைத்த ஜட்டி என்று பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கி வருகிறார்கள். பெரிய நகரங்களில் வசதியுள்ள பெற்றோர் 'ஆர்கானிக் பருத்தி' என்று சீட்டுத் தொங்கும் குழந்தைச் சட்டையைத் தேடிப் பல நூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். மருந்தடிக்காமல் பருத்தி விளைவிக்கத் தெரிந்த சம்சாரி வீட்டுப் பேரப்பிள்ளைக்கு மட்டும் அந்தச் சட்டை எட்டாக் கனியாக இருக்கிறது.

இந்த நிலை மாற வேண்டும். இயற்கைப் பருத்தி உடை பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உரியது என்று விட்டுவிடத் தேவையில்லை. கரிசலில் 10 சென்ட் ஒதுக்கிக் கருங்கண்ணி விதைத்தால் வீட்டுப் பிள்ளைக்குத் துணி கிடைக்கும். அதே வழியில் நாலைந்து பேர் சேர்ந்தால், சந்தையில்லாமல் மறைந்துவரும் நாட்டுப் பருத்திக்கு ஒரு புதிய கிராக்கியும் பிறக்கும்.

ஆர்கானிக் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

முதலில் இந்தச் சொல்லைப் பற்றித் தெளிவு வேண்டும். அங்ககப் பருத்தி என்பது, இரசாயன உரமும் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் இல்லாமல், மரபணு மாற்றிய விதை போடாமல் விளைந்த பருத்தி. சான்று பெறுவதற்கு ஆண்டுப் பயிர் நிலம் 2 ஆண்டு மாற்றுக் காலத்தைக் கடந்திருக்க வேண்டும். ஆக, இந்தச் சொல் முதலில் சொல்வது புஞ்சையைப் பற்றி; சட்டையைப் பற்றி அல்ல.

பஞ்சு அரைபட்டு, நூலாகி, துணியாகி, கஞ்சி நீக்கி, வெளுத்து, சாயமேறி, தையலாகி வருவதற்குள் பல கைகள் மாறுகின்றன. புஞ்சை சுத்தமாக இருந்தாலும் சாயப்பட்டறையில் கெட்டுப் போகலாம். அதனால்தான் ஜி.ஓ.டி.எஸ். என்கிற உலகளாவிய அங்ககத் துணித் தரம் புஞ்சை முதல் தையல் வரை எல்லாப் படிகளையும் சோதிக்கிறது. அந்த முத்திரையோடு 'ஆர்கானிக்' என்று போட வேண்டுமானால் நூலிழையில் குறைந்தது 95 சதம் சான்று பெற்ற அங்கக இழையாக இருக்க வேண்டும். 70 சதம் இருந்தால் 'அங்ககப் பருத்தி கலந்தது' என்றுதான் போடலாம்.

ஓகோ-டெக்ஸ் என்று இன்னொரு முத்திரை உண்டு. அது துணியில் தங்கியிருக்கும் தீங்கான இரசாயனத்தை மட்டும் சோதிப்பது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் துணிக்கு அதில் மிகக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த முத்திரை இருப்பதால் பருத்தி இயற்கை முறையில் விளைந்தது என்று ஆகாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறக் கூடாது.

முத்திரையிலும் மோசடி நடக்கிறது. 2020 அக்டோபரில், இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று தயாரிக்கப்பட்டிருப்பதை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. பட்டணத்தில் இருக்கும் பிள்ளைகள் இத்தகைய துணி வாங்கி அனுப்பினால், சீட்டில் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கச் சொல்ல வேண்டும். 'நேச்சுரல்', 'எகோ' என்ற வெறும் சொற்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பச்சிளங் குழந்தைக்கு எது நல்லது?

பிறந்த குழந்தையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோலின் பரப்பும் அதிகம். ஆகவே தோல் வழியாக நீர் போவதும் அதிகம். மேலே படுகிற பொருள் உள்ளே போவதும் எளிது. கரிசல் காட்டு வெயிலில் காற்றோட்டமில்லாத துணியைச் சுற்றினால் வேர்க்குரு வந்து பிள்ளை இரவெல்லாம் அழும்.

குழந்தைத் தோலுக்கு உறுத்தல் தருவது பெரும்பாலும் துணியை மெருகேற்றப் போடும் மருந்துகள்தான். சுருக்கம் விழாமலிருக்கப் பூசும் பிசினில் ஃபார்மால்டிஹைடு உண்டு. பளீரென்ற நிறத்துக்குப் போடும் சில அசோ சாயங்கள் தீங்கானவை என்று இந்தியாவிலேயே 1990-களில் தடை செய்யப்பட்டன. இவற்றோடு சரியாக அலசாத சோப்புத்தூளும் சேர்ந்துகொள்கிறது. பருத்திக்கு வயலில் அடித்த பூச்சிமருந்து, துவைத்து வெளுத்து முடித்த துணியில் பெரும்பாலும் மிகக் குறைவாகவே தங்கும். அந்த மருந்தின் முழுத் தீங்கையும் அனுபவிப்பது தெளிக்கிற சம்சாரியும், பருத்தி எடுக்கிற பெண்களும், அதே தண்ணீரைக் குடிக்கிற ஊரும்தான். இயற்கைப் பருத்தியின் முதல் நன்மை அவர்களுக்கே என்பதை மறைக்கத் தேவையில்லை. கருவுற்ற பெண்ணும் பருத்தி எடுக்கப் போகிற ஊரில் அது பிறக்கப் போகும் பிள்ளைக்கும் நன்மைதான்.

எனவே எந்தச் சட்டையாக இருந்தாலும் சில விதிகள் பொருந்தும். முழுப் பருத்தியாக இருக்கட்டும். வெளுக்காத, சாயமேற்றாத பழுப்பு வெள்ளைத் துணி மேல். புதுத் துணியை இரண்டு முறை துவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்த பிறகே போட வேண்டும். பித்தானுக்குப் பதில் பக்கவாட்டில் முடிச்சுப் போடும் நாடாச் சட்டை நல்லது. சரிகை, ஜிகினா, ரப்பர் இவை பச்சைப் பிள்ளைக்கு ஆகாது.

பழந்துணி வழக்கமும் புதிய ஆபத்தும்

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல், தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவதும், ஆச்சியின் நூல் சேலையில் தொட்டில் கட்டுவதும் இந்தப் பக்கத்து வழக்கம். இதில் அறிவு இருக்கிறது. பல நூறு முறை துவைத்த துணியில் கஞ்சியும் மெருகும் சாயமும் போய், இழை பூவாகிவிடும். ஈரத்தை உடனே உறிஞ்சும். காசும் இல்லை.

ஆனால் அந்த வழக்கம் தோன்றிய காலத்தில் வீட்டில் பூச்சிமருந்து இல்லை. இன்று நிலைமை வேறு. மக்காச்சோளத்துக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கும்போது கட்டியிருந்த வேட்டியோ, தலையில் சுற்றிய துண்டோ, எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் பிள்ளைக்கு ஆகாது. அதைப் பிள்ளைத் துணியோடு ஒரே வாளியில் ஊறவைப்பதும் தவறு. மருந்தடித்தவர் குளித்து மாற்றுத்துணி கட்டிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். உரச் சாக்கையும் மருந்து வந்த பையையும் விரிப்பாகவோ தொட்டில் அடியாகவோ போடுவது கூடவே கூடாது.

இன்னொன்று பாச்சை உருண்டை. பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழந்துணியைப் பேறுகாலத்துக்கு எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றுவது பல வீடுகளில் உண்டு. அந்த உருண்டையில் உள்ள நாப்தலின், இரத்தத்தில் ஒருவகை நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே பிள்ளைத் துணிப் பெட்டியில் வேப்பிலையும் வசம்பும் போதும். பாச்சை உருண்டை வேண்டாம்.

ஆக, மருந்து படாத பழைய நூல் வேட்டி இருக்கும் வீட்டில் முதல் மாதத்துக்கு வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், அப்படிப்பட்ட முழுப் பருத்தி வேட்டியும் நூல் சேலையும் வீடுகளில் குறைந்து வருகின்றன. கட்டுவது பாலியஸ்டர் கலந்ததாகிவிட்டால் கிழிப்பதும் அதுவாகத்தான் இருக்கும். இங்கேதான் கருங்கண்ணியின் தேவை வருகிறது.

கருங்கண்ணியின் குணம்

கருங்கண்ணி, இந்த நாட்டிலேயே தோன்றிய நாட்டுப் பருத்தி இனம். 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'கே' வரிசை இரகங்களைத் தேர்ந்து கொடுத்தது. கே.11, கே.12 போன்றவை அந்த வழியில் வந்தவை. ஆணிவேர் ஆழமாக இறங்கிக் கரிசலில் தேங்கிய ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் மழை ஒன்றிரண்டு வாரம் பொய்த்தாலும் பயிர் தாங்கும். தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை எதிர்த்து நிற்கும். காய்ப்புழு அறவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் வேப்பங்கொட்டைச் சாறும் கவனமும் கொண்டு சமாளிக்கும் அளவில்தான் பெரும்பாலும் இருக்கும்.

இழை குட்டை, சற்றுத் தடிப்பு. மெல்லிய சட்டைத் துணிக்கு அது ஆகாது என்பது மில்காரர்களின் குறை. ஆனால் நாட்டுப் பருத்தி நீரை நன்றாக உறிஞ்சும். ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்ய நாட்டுப் பருத்தியைத் தேடுவதற்குக் காரணம் அதுதான். பிள்ளைக்கு இடுப்புத் துணி, துடைக்கும் துண்டு, சுற்றும் துணி, தளர்வான சட்டை ஆகியவற்றுக்கு வேண்டிய குணம் உறிஞ்சுவதும் துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆவதும்தான். மில்லுக்குக் குறையாகப் பட்டது பிள்ளைக்குக் குறையாகாது.

இன்னொரு நன்மை இயற்கை முறை விவசாயிக்கு மிக முக்கியம். 2002-ல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பரவிவிட்டது. பக்கத்துப் புஞ்சையில் பி.டி. நின்றால் மகரந்தம் கலந்துவிடும் என்ற பயம் மற்ற இரகங்களுக்கு உண்டு. கருங்கண்ணிக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. கருங்கண்ணியின் உயிரணுவில் குரோமோசோம்கள் 26, பி.டி. பருத்தியில் 52. இரண்டும் இயற்கையாகக் கூடி முளைக்கிற விதை பிடிப்பது மிக அரிது. கையாலோ அரவையிலோ கலக்காமல் பார்த்துக்கொண்டால் விதை சுத்தமாக இருக்கும். வீட்டு விதையையே ஆண்டுதோறும் எடுத்து விதைக்கலாம். அரைக் கிலோ கூட இல்லாத பி.டி. விதைப் பொட்டலத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் 800 ரூபாய்க்கு மேல் கொடுக்கிற தொல்லை இதில் இல்லை.

ஏன் மறைந்தது?

நல்ல குணமிருந்தும் கருங்கண்ணி ஏன் போயிற்று என்று கேட்க வேண்டும். சந்தை பருத்திக்கு விலை வைப்பது இழையின் நீளத்தைப் பார்த்து. வேகமாக ஓடும் மில் யந்திரத்துக்கு நீள இழை வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. 1968-ல் எம்.சி.யு.5, 1974-ல் சுவின் என்று இறவைக்கு ஏற்ற நீள இழை இரகங்கள் வந்தன. ஒவ்வொன்றும் வரும்போது மானாவாரி நாட்டுப் பருத்தி ஒரு படி கீழே இறங்கியது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, நீள இழைக்குக் குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய். நீரை உறிஞ்சும் குணத்துக்கும், மருந்தில்லாமல் விளைந்ததற்கும் அந்தப் பட்டியலில் விலையில்லை.

விவசாயி பக்கத்திலும் நியாயமான காரணம் உண்டு. கருங்கண்ணியின் காய் சிறியது. ஒரு ஆள் நாள் முழுவதும் எடுத்தாலும் எடை குறைவாகவே வரும். எடுப்புக் கூலி கூடும். வெடித்த காயைக் காலத்தில் எடுக்காவிட்டால் பஞ்சு தரையில் உதிர்ந்து தூசியாகும். மகசூலும் இறவைப் பருத்தி அளவுக்கு வராது. இந்தக் காரணங்களால் கரிசல் காட்டில் பருத்தி நின்ற இடத்தில் மக்காச்சோளம் வந்தது. 2018-ல் படைப்புழு வந்த பிறகு மக்காச்சோளத்துக்கும் மருந்துச் செலவு ஏறிவிட்டது என்பதை இந்தப் பகுதிச் சம்சாரிகள் அறிவார்கள்.

ஆகவே மக்காச்சோளத்தை அழித்துவிட்டு எல்லாரும் கருங்கண்ணிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. வாங்க ஆளில்லாத சரக்கை 5 ஏக்கரில் விளைவித்து விட்டு யாரும் சோறு தின்ன முடியாது. வீட்டுத் தேவைக்குச் சிறு அளவில் தொடங்கி, கிராக்கிக்கு ஏற்றபடி விரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

10 சென்ட் கணக்கு

ஏக்கருக்கு 3 குவிண்டால் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 10 சென்டில் 30 கிலோ பருத்தி வரும். அரைத்தால் சுமார் 10 கிலோ பஞ்சு. மீதி 20 கிலோ கொட்டை. நூற்பிலும் நெசவிலும் கழிவு போக 8 கிலோ துணி நிற்கும்.

ஒரு பிள்ளைக்கு முதல் ஆண்டுக்கு என்ன வேண்டும்? 8 சட்டை, 24 இடுப்புத் துணி, 4 சுற்றுத் துணி, 2 துண்டு. எல்லாம் சேர்த்து எடை போட்டால் இரண்டரை கிலோவைச் சுற்றித்தான் வரும். அதாவது 10 கிலோ பருத்தி ஒரு பிள்ளையின் ஓராண்டு உடைக்குப் போதும். 10 சென்ட் மூன்று பிள்ளைகளுக்குத் துணி கொடுக்கும். கொட்டையில் ஒரு கிலோவை அடுத்த ஆண்டு விதைக்கு வைத்தால் மீதி கறவை மாட்டுக்கு. பருத்தி மார் அடுப்புக்கு.

இதே கணக்கை விலையில் பார்த்தால் நிலைமை விளங்கும். 10 கிலோ பருத்திக்கு 2025-26 ஆதரவு விலையில் சம்சாரிக்குக் கிடைப்பது 771 ரூபாய். நகரத்தில் அங்கக முத்திரையிட்ட குழந்தைச் சட்டை ஒன்றிரண்டு வாங்கவே அந்தப் பணம் சரியாகப் போகும். ஒரு பிள்ளையின் ஓராண்டு உடைக்கான மூலப்பொருள் விலையும், ஒன்றிரண்டு சட்டையின் கடை விலையும் ஏறக்குறைய ஒன்று. நடுவில் உள்ள இடைவெளியில் அரவை, நூற்பு, நெசவு, தையல், சான்று, கடை வாடகை எல்லாம் இருக்கின்றன; எல்லாமே கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு பங்கையாவது ஊருக்குள் கொண்டுவர முடியாதா என்பதுதான் கேள்வி.

அறுந்த கண்ணிகள்

சங்கிலியின் இரண்டு முனைகளும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. ஒரு முனையில் கரிசல் புஞ்சை. மறுமுனையில் ஓட்டப்பிடாரம் தாலுகாவிலேயே ஆயத்த ஆடைத் தையலுக்குப் பேர் பெற்ற புதியம்புத்தூர். கொஞ்சம் தள்ளி அருப்புக்கோட்டையிலும் சங்கரன்கோவிலிலும் தறிகள் உண்டு. அறுந்து கிடப்பது நடுவில் உள்ள அரவையும் நூற்பும்.

பெரிய ஜின்னிங் மில்லில் 30 கிலோவைத் தனியாக அரைத்துத் தர மாட்டார்கள். அரைத்தாலும் முந்தைய பஞ்சு கலந்துவிடும். பெரிய நூற்பாலைக்கோ லாரிக் கணக்கில் பஞ்சு வேண்டும். ஆகவே சிறு அரவை யந்திரம் ஒன்றும், குட்டை இழையை நூற்கத் தகுந்த ராட்டைகளும் வேண்டும். காதி நிலையங்களில் ராட்டை நூற்பு இன்னும் நடக்கிறது. சென்னையில் இயங்கும் 'துலா' என்ற அமைப்பு, மானாவாரி நாட்டுப் பருத்தியை இரசாயனமின்றி விளைவிக்கச் செய்து, கையால் நூற்று நெய்து, துணியாக்கி விற்று வருகிறது. முடியாத காரியம் என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

இந்த வேலை தனி ஆளால் ஆகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்போ எடுத்துச் செய்ய வேண்டியது. 20 வீடுகள் ஆளுக்கு 10 சென்ட் போட்டால் 2 ஏக்கர். 600 கிலோ பருத்தி. சிறு அரவைக்கும் ஒரு காதி நிலையத்தோடு பேசுவதற்கும் போதுமான சரக்கு.

சான்று விஷயத்திலும் சிறு விவசாயிக்கு வழி இருக்கிறது. ஒரே ஊரிலோ அடுத்தடுத்த ஊரிலோ உள்ள 5 விவசாயிகள் சேர்ந்தாலே பி.ஜி.எஸ். இந்தியா என்ற பங்கேற்பு உத்தரவாத முறையில் குழுவாகப் பதியலாம். ஒருவர் புஞ்சையை மற்றவர் பார்த்துச் சாட்சி சொல்வதுதான் அதன் அடிப்படை. பெரிய கட்டணம் இல்லை. உள்நாட்டு விற்பனைக்கு அது உதவும். வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்கென்றால் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்று வேண்டும்; தமிழ்நாட்டில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். எந்த முறையானாலும் குறிப்பேடு எழுதும் பழக்கம் வேண்டும். விதைத்த நாள், போட்ட எரு, அடித்த சாறு, எடுத்த எடை இவை எழுதாத புஞ்சைக்குச் சான்று கிடையாது.

அரசு செய்யக் கூடியது

புதிய சரக்குக்கு முதல் வாடிக்கையாளராக அரசு நிற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1983-ல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் நெசவாளர்களுக்கு வேலை கொடுக்கும் நோக்கத்தையும் கொண்டது. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிக்கு ஊரெல்லாம் கடை விரித்துக் கொடுத்தது. 2015-ல் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்காக 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகத் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் குழந்தைத் துண்டும் சட்டையும் இடுப்புத் துணியும் இருந்தன.

பிறந்த பிள்ளைக்கு அரசு கொடுக்கும் முதல் துணி, தமிழ்நாட்டு மானாவாரிப் புஞ்சையில் மருந்தில்லாமல் விளைந்த நாட்டுப் பருத்தியாக இருக்கட்டும். மாநிலம் முழுவதும் ஒரே ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் மட்டும் முதலில் தொடங்கலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு சுற்றுத் துணியும் ஒரு சட்டையும் என்று வைத்தாலும், எத்தனை கிலோ பஞ்சு வேண்டும் என்பது விதைப்புக்கு முன்பே தெரிந்துவிடும். கிராக்கி முன்கூட்டித் தெரிந்த பயிரைத்தான் சம்சாரி தைரியமாக விதைப்பான். 2023-ல் தமிழக அரசு வெளியிட்ட அங்கக வேளாண்மைக் கொள்கை வெறும் காகிதமாக நில்லாமல் புஞ்சைக்கு வருவதற்கு இது ஒரு நேர் வழி.

அதோடு, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணி விதையைச் சிறு சிறு அளவில், 1 கிலோ பொட்டலமாகவும் கிடைக்கச் செய்தால் 10 சென்ட் போடுகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இந்தப் புரட்டாசிக்கு

அரசு வரும் வரை சம்சாரி காத்திருக்கத் தேவையில்லை. கோடையில் கிடை அமர்த்திய ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளலாம். அடுத்த புஞ்சைக்காரர் களைக்கொல்லி அடித்தால் சாரல் படாதபடி நடுவில் நாலு சால் சோளமோ கம்போ விடுவது நல்லது. ஆவணிக் கடைசியிலோ புரட்டாசி முதல் வாரத்திலோ, மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பது கரிசலுக்கு ஏற்ற முறை. 10 சென்டுக்கு 1 கிலோ விதை தாராளம். ஊடுபயிராக உளுந்தோ பாசிப்பயறோ போட்டால் பருத்தி வெடிக்கும் முன்பே ஒரு வருமானம் கைக்கு வரும். வெடித்த பருத்தியைக் காலை ஈரம் காய்ந்ததும், முற்பகலுக்குள், சருகு ஒட்டாமல் எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிளாஸ்டிக் சாக்கில் அடைக்காமல் துணிப் பையிலோ கடகத்திலோ சேர்க்க வேண்டும். உரச் சாக்கில் அடைத்தால் அதுவரை காத்த சுத்தம் அங்கேயே போய்விடும்.

முதல் ஆண்டு எதுவும் கூடிவரவில்லை என்றாலும் நஷ்டம் பெரிதல்ல. 30 கிலோ பருத்தியை வழக்கமான கமிஷன் கடையில் போட்டுவிடலாம். விதை கையில் நிற்கும். கூடிவந்தால், பேரப்பிள்ளைக்குத் தாய்மாமன் கொண்டுவரும் சட்டை தன் புஞ்சையில் விளைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

உலகத்துக்கே பஞ்சு அனுப்பிய பூமி, தன் பிள்ளைக்குச் சட்டை வெளியே வாங்குவது அழகல்ல. 5 வீடுகள் சேர்ந்து, ஆளுக்கு 10 சென்ட் ஒதுக்கி, ஆவணிக்குள் விதைக்குச் சொல்லி வைக்கட்டும். மீதியைக் கரிசல் மண் பார்த்துக்கொள்ளும்.